கரண்டைப் பிடி

ஆமத்தூர்ப் பக்கத்து உயர்நிலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆறாம் வகுப்புக்குப் புதிதாக வந்து சேருகிற பிள்ளைகளுக்கு முதல் ஒரு மாதம் தலை சுற்றும். காலையில் கணக்கு எடுக்கிற மொக்கைச்சாமி சாரும் சாயங்காலம் கிரவுண்டில் விசில் ஊதுகிற மொக்கைச்சாமி சாரும் ஒரே ஆள்தானா, இல்லை இரட்டைப் பிள்ளைகளா என்பதுதான் குழப்பம். முகம் ஒன்றுதான். உடைந்து ஒருபக்கமாகச் சாய்ந்த மூக்கும் அதேதான். ஆனால் வகுப்பில் இருக்கிற மனுஷன் எறும்பை மிதிக்கப் பயப்படுகிறவர். கிரவுண்டில் இருக்கிறவரைக் கண்டால் தெருநாய்கூட வாலைச் சுருட்டிக்கொண்டு வேலி தாண்டிப் போய்விடும்.

வகுப்பில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பின்னம் நடத்துகிற அன்றைக்கு விருதுநகரிலிருந்து எண்ணெயில் பொரித்த புரோட்டாவைப் பொட்டலம் கட்டி வாங்கி வருவார். அதைப் பாதியாக, கால்வாசியாக, அரைக்கால்வாசியாகப் பிய்த்து மேஜைமேல் வைத்து, விடை சொல்கிறவனுக்கு ஊட்டிவிடாத குறையாகக் கொடுப்பார். தப்பாகச் சொன்னவனுக்கும் ஒரு துண்டு உண்டு. பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தபோது மற்ற வாத்தியார்களெல்லாம் கை ஒடிந்தவர்கள்போல உட்கார்ந்திருந்தார்கள். இவர் மட்டும் படித்துவிட்டுச் சிரித்தார். அவர் வகுப்பில் பிரம்பு என்று ஒன்று இருந்ததே இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆள் மாறிவிடுவார். சட்டையைக் கழற்றி கிரவுண்டு ஓரத்துக் கொடுக்காப்புளி மரத்தின் கவட்டையில் போட்டுவிட்டு, அதே மரத்தில் ஒரு விளாறை ஒடித்து முள்ளையும் இலையையும் உருவுவார். அந்தச் சத்தம் கேட்டதும் கபடி டீமில் இருக்கிற பையன்களுக்கு முதுகு தானாகவே கூசும். சுற்றறிக்கை வகுப்பறைக்குத்தான், கிரவுண்டுக்கு இல்லை என்பது அவருடைய வியாக்கியானம். அதைக் கேட்கத் தலைமை ஆசிரியருக்கும் தைரியம் இல்லை. டீம் ஜெயித்துவந்த கோப்பைகள் வரிசையாகத் தலைமை ஆசிரியர் அறையில்தானே இருந்தன.

அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு வித்தை. பாடி வருகிறவனுடைய கரண்டைக்காலை, அதாவது கணுக்காலை, பாய்ந்து விழுந்து இரண்டு கையாலும் பிடிப்பது. பிடிபட்டவன் உதைப்பான், உதறுவான், மேலே விழுந்து மிதிப்பான். அது போதாது என்று மொக்கைச்சாமியும் பக்கத்தில் நின்று, பிடித்தவன் முதுகிலும் புஜத்திலும் விளாறால் விளாசுவார். “விடாதலே, விடாதலே” என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை சொல்வார். வலி தாங்காமல் விட்டுவிட்டால் முதலிலிருந்து அடி. விடாமல் கிடந்தால் அடி தானாக நிற்கும். புறங்கை கிழிந்து ரத்தம் வந்தால் மண்ணைப் போட்டுத் தேய்த்துக்கொண்டு அடுத்த பிடிக்கு வர வேண்டும்.

இப்படி ஒரு பிறவி எங்கே முளைத்தது என்றால், ஆனைக்குட்டம் கிராமத்தில்தான். அவருடைய அப்பன் முதலில் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, மழை பொய்த்தபின் பட்டாசுக் கம்பெனிக்குப் போனவன். ஒரு நாள் வெடிமருந்து தீப்பற்றி வலது கை வெந்தது. ஆறும்போது விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. சோறு பிசைய வராத அந்தக் கை அடிப்பதற்கு மட்டும் நன்றாக வந்தது. பெண்டாட்டியின் கடைவாய்ப் பல்லைக் கழற்றியது அந்தக் கைதான். மகன் குறுக்கே வந்தபோது அவன் மூக்கை உடைத்ததும் அதே கைதான்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கேயும் பூசை காத்திருந்தது. ஆறாம் வாய்ப்பாடு வரவில்லை என்று கணக்கு வாத்தியார் விரல் முட்டியில் அடித்தார். அடிக்க அடிக்க ஆறாம் வாய்ப்பாடு உள்ளே போவதற்குப் பதிலாக, ஏற்கெனவே உள்ளே இருந்த ஐந்தாம் வாய்ப்பாடும் வெளியே ஓடிற்று. ஆனால் சாயங்காலம் வறண்ட கண்மாய்க்குள் கபடி ஆடுகிற பெரிய ஆட்களோடு சேர்ந்தபோது கதை வேறாக இருந்தது. மாரிசாமி என்கிற லோடுமேன் ஈரத்துண்டை முறுக்கி இவனை அடித்து அடித்துக் கரண்டைப் பிடியைச் சொல்லிக்கொடுத்தான். ஒரே மாதத்தில் அந்தச் சுற்று வட்டாரத்தில் இவன் பிடித்த காலை உருவிக்கொண்டு போனவன் யாருமில்லை. கணக்கு பிற்பாடு, அடிக்காத ஒரு வாத்தியாரிடம், தானாக வந்தது.

இதிலிருந்து மொக்கைச்சாமி ஒரு முடிவுக்கு வந்தார். அடித்தால் கணக்கு வராது, பிடி வரும். கணக்கு தலையில் இருக்கிறது. அடி விழுந்தால் தலை கதவைச் சாத்திக்கொள்ளும். பிடி உடம்பில் இருக்கிறது. உடம்புக்கு அடி ஒன்றுதான் மறக்காது. வகுப்பில் வாயால் சொன்னதை லீவு முடிந்து வந்து கேட்டால் பாதிப் பயல்கள் மோட்டுவளையைப் பார்ப்பார்கள். கிரவுண்டில் கற்றதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வார்கள். இதைச் சொல்லும்போது அவருக்குக் கொஞ்சம் கர்வமே வரும்.

அந்தக் கர்வத்துக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. பட்டாசுக் கம்பெனி வண்டிதான் அந்தப் பயம். விடிவதற்கு முன்னால் ஊர் ஊராக வந்து ஹாரன் அடித்து ஆள் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. பத்தாம் வகுப்பு முடிந்ததும் வகுப்பில் பாதி அதில் ஏறிவிடும். வண்டியில் வயதைப் பதினெட்டு என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தகுதி. அப்பனுடைய ஒட்டிய விரல்களைப் பார்த்து வளர்ந்த மொக்கைச்சாமி அந்த ஹாரன் சத்தம் கேட்டால் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிடுவார். கணக்கால் காப்பாற்றப்பட்டவர்கள் கொஞ்சம் பேர். கபடியில் ஒருவன் தேறிவிட்டால் விளையாட்டு விடுதி, பிறகு போலீசு, ரயில்வே என்று ஊரைவிட்டே போய்விடலாம். அதற்காகத்தான் அடிக்கிறேன் என்பார். பொய் இல்லை, அதற்காகத்தான் அடித்தார்.

அப்படி அவர் கண் வைத்தவன் முனியராஜ். ஒல்லிப் பையன், பேச்சு குறைவு, கை மட்டும் வயதுக்கு மீறிப் பெரியது. அப்பன் இல்லை. அம்மா வள்ளித்தாய் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குள் மருந்து செலுத்துகிற ரூமில் வேலை பார்த்தாள். தங்கச்சி பொன்மணி சின்ன வகுப்பில் படித்தாள். சாயங்காலம் அண்ணனுடைய புத்தகப் பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிரவுண்டுச் சுவரில் உட்கார்ந்திருப்பாள். அண்ணன் அடி வாங்கும்போது அவள் கண்ணை மூட மாட்டாள், எண்ணிக்கொண்டிருப்பாள்போல உதடு மட்டும் அசையும். முனியராஜ் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அடி வாங்கினான். தேறுவான் என்று தெரிந்த பையனைத்தான் மொக்கைச்சாமி அதிகம் அடிப்பார்.

ஒரு நாள் அறிவியல் வகுப்பில் முனியராஜ் முதுகைச் சுவரில் சாய்க்காமல் விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை அமீனா டீச்சர் பார்த்தார். விருதுநகரில் வத்தல் வியாபாரக் குடும்பத்துப் பெண், தினமும் பஸ்சில் வந்து போகிறவர், குரல் தாழ்த்திப் பேசுகிறவர். கிட்டப் போய்ப் பார்த்தால் சட்டை முதுகோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. தண்ணீர் நனைத்துப் பிரித்தெடுத்தபோது தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. பையன் அழவில்லை. டீச்சர்தான் அழுதார்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் மொக்கைச்சாமி தூக்குச்சட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது அமீனா டீச்சர் எதிரே வந்து நின்றார். மொக்கைச்சாமி தம்முடைய வழக்கமான நியாயத்தை, தலை, உடம்பு, கதவு எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீங்க வகுப்புல ஒரு ஆளா இருக்கீக, கிரவுண்டுல ஒரு ஆளா இருக்கீக. சரி சார், இருந்துக்கங்க. ஆனா அந்தப் பிள்ளை ரெண்டு எடத்துலயும் ஒரே ஆளுதான” என்றார்.

மொக்கைச்சாமி சாப்பிடாமலே தூக்குச்சட்டியை மூடினார். கோபம்தான் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் விளாறு வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே இறங்கிற்று.

அந்த வருஷம் தை மாதத்தில் விருதுநகரில் நடந்த போட்டிதான் முனியராஜின் பெயரை வெளியே கொண்டுவந்தது. இறுதி ஆட்டத்தில் எதிர் டீமுக்குப் பாடி வந்தவன் மீசை வைத்த தடியன், அவனைப் பள்ளிக்கூடத்துப் பையன் என்று சொன்னால் அவன் பெண்டாட்டிகூட நம்ப மாட்டாள். முனியராஜ் பாய்ந்து அவன் கரண்டையைப் பிடித்தான். தடியன் மற்றக் காலால் பையன் வாயிலேயே உதைத்தான். ஒன்று, இரண்டு என்று உதை விழ விழக் கூட்டம் எழுந்து நின்றது. உதடு கிழிந்து, முன்பல் தெறித்து, மண்ணெல்லாம் சிவந்தது. கை விடவில்லை. தடியனுக்கு மூச்சு முட்டிப் பாட்டு நின்று, விசில் அடித்தபிறகும் விடவில்லை. இரண்டு பேர் வந்து விரல் விரலாகப் பிரித்து எடுத்தார்கள்.

அதற்குள் தடியனுடைய ஊர்க்காரர்கள் கோட்டுக்குள் இறங்கிவிட்டார்கள். கம்பும் நாற்காலியும் பறந்தன. யாரோ வீசிய இரும்பு நாற்காலி மொக்கைச்சாமியின் நெற்றியைப் பிளந்தது. கண்ணில் வழிகிற ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு அவர் வீசினவனைத் தேடிப் பிடித்து, அதே நாற்காலியால் அவன் தோளை இறக்கினார். போலீசு வந்து விலக்குகிறவரை நல்ல ரகளை. எல்லாம் அடங்கியபின் முனியராஜ் உள்ளங்கையில் பல்லை வைத்துக்கொண்டு சாரிடம் வந்து காட்டினான். மொக்கைச்சாமி அதை வாங்கித் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பையனும் அவரும் ரத்த முகத்தோடு சிரித்தார்கள். அவருடைய வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாள் இருந்ததில்லை.

ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த விளையாட்டு விடுதிக்காரர் ஒருவர், ஜூன் மாதம் பையனை அனுப்பிவையுங்கள் என்றார். இனிமேல் கம்பெனி வண்டியின் ஹாரன் இவனுக்கு இல்லை என்று மொக்கைச்சாமிக்கு நிம்மதி வந்தது. அதுவரை வீட்டிலேயே இரு, காலையில் ஓடு, வேறு எங்கேயும் போகாதே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பையன் தலையாட்டினான்.

வருஷாவருஷம் கோடை லீவுக்கு முந்தின நாள் அவர் கணக்கை ஓரங்கட்டிவிட்டுக் கரும்பலகையில் மூன்று வரி எழுதிப் போடுவார். ‘கையில் இருப்பதைப் போடு. ஓடு. திரும்பிப் பார்க்காதே.’ லீவில் யார் யார் வண்டி ஏறப்போகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். தடுக்க முடியாது. வெடிச்சத்தம் கேட்டதும் ஓடினவன்தான் பிழைத்தான், தூக்குச்சட்டியை எடுக்கத் திரும்பினவன், செருப்பைத் தேடினவன், கூட்டாளியைத் தேடினவன் எல்லாம் போய்விட்டான் என்று அந்த மண்ணில் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை மென்மையாக, ஒரு கதைபோலச் சொல்வார். பிள்ளைகள் மூன்று வரியையும் ராகம் போட்டுச் சொல்வார்கள். அந்த வருஷம் முன்பல் இல்லாத வாயால் முனியராஜும் சொன்னான். உரக்கவே சொன்னான்.

மே மாதத்தில் வெயில் உச்சிக்கு ஏறின ஒரு நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தது. அந்தப் பகுதியில் சத்தம் கேட்டால் யாரும் என்ன என்று கேட்க மாட்டார்கள். வெளியே வந்து புகை எந்தத் திசையில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். தன் வீட்டு ஆள் போகிற திசையாக இல்லாவிட்டால் பெருமூச்சு விட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்காரிக்காக ஓடுவார்கள். மொக்கைச்சாமியும் மொபெட்டை எடுத்துக்கொண்டு புகையைப் பார்த்துப் போனார். தம் பிள்ளைகள் யாராவது இருப்பார்கள் என்று நினைத்துத்தான் போனார். முனியராஜ் இருப்பான் என்று நினைக்கவில்லை.

கம்பெனி வாசலில் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஆட்களைக் கதவுப் பலகையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சிலருக்கு முகம் இருந்தது, சிலருக்கு இல்லை. கருகின துணியும் மருந்தும் மாமிசமும் சேர்ந்த ஒரு வாடை. வள்ளித்தாயோடு வேலை பார்க்கிற முருகம்மாள் அவரைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். நடந்ததை அவள் வாயால்தான் அவர் கேட்டார்.

விடுதிக்கு ஷூவும் பெட்டியும் வாங்க வேண்டும் என்று பையன் சாருக்குத் தெரியாமல் சில நாளாகவே அம்மாவோடு வண்டி ஏறிக்கொண்டிருந்தான். சரக்கைக் காயப்போடுகிற மேடைக்குத் தட்டுத் தூக்குகிற வேலை. பக்கத்து ரூமில் மருந்து பற்றியபோது அவன் வெளியேதான் நின்றான். தட்டைப் போட்டான், ஓடினான். வேலிவரை ஓடிவிட்டான். அங்கே நின்று திரும்பிப் பார்த்தான். அம்மாவின் ரூம் சுவர் சாய்ந்து, நிலைக்கட்டைக்கு அடியில் அவள் இடுப்புக்குக் கீழே மாட்டியிருந்தாள். ஒரு கை வெளியே நீண்டிருந்தது. திரும்பி ஓடிவந்து மண்ணில் பாய்ந்து விழுந்து அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்தான். அடுத்த ரூமும் வெடித்ததில் நிலைக்கட்டை கொஞ்சம் புரண்டது. அவன் மேலேயே நெருப்பு விழுந்தது. விட்டுவிட்டு ஓடு என்று அம்மா கத்தினாள், முருகம்மாள் கத்தினாள், எல்லோரும் கத்தினார்கள். அவன் விடவில்லை. கடைசியில் ஆண்கள் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு போய் அவன் காலைப் பிடித்து இழுத்தபோது, அவனோடு அவளும் சேர்ந்து வெளியே வந்தாள்.

ஆஸ்பத்திரியில் அம்மாவின் மணிக்கட்டிலிருந்து அவன் விரல்களைப் பிரிப்பதற்குள் வேர்த்துப் போனது என்று அங்கிருந்த ஆள் சொன்னார். மொக்கைச்சாமி கொசுவலைக்கு வெளியே நின்று பார்த்தார். முதுகு என்று ஒன்று இல்லை. அவர் விளாறால் எழுதின எழுத்தெல்லாம் அழிந்து, பச்சை மாமிசமாகக் கிடந்தது. காலடிச் சத்தத்தை வைத்தோ, இருமலை வைத்தோ பையன் அவரை அடையாளம் கண்டுகொண்டான். கண் திறக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

“விடல சார்” என்றான். பிறகு, அடிக்குப் பயந்தவன்போல அவசரமாக, “விடவே இல்ல சார்” என்றான்.

மொக்கைச்சாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சபாஷ் என்று சொல்வதா, ஏன்டா விடவில்லை என்று சொல்வதா? அந்த வாரம் முடிவதற்குள் முனியராஜ் போய்விட்டான்.

பள்ளிக்கூடம் திறந்ததும் அவர் வகுப்புக்குப் போனார், கணக்கு நடத்தினார். சாயங்காலம் கிரவுண்டுக்குப் போகவில்லை. டீம் பையன்கள் மரத்தடியில் காத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். ஊரில் பேச்சு இரண்டு விதமாக இருந்தது. வாத்தியார் கொடுத்த பயிற்சிதான் வள்ளித்தாயைக் காப்பாற்றியது என்றார்கள் சிலர். அந்தப் பயிற்சிதான் பையனைக் கொன்றது என்றார்கள் சிலர். இரண்டையும் அவர் காதில் வாங்கினார். ராத்திரி படுத்தால் தம்முடைய வலது கையைத் தலைமாட்டில் வைக்கப் பிடிக்காமல் பாய்க்கு வெளியே போட்டுக்கொள்வார்.

ஒரு நாள் ஆசிரியர் அறையில் வேறு யாரும் இல்லாதபோது அமீனா டீச்சரிடம் கேட்டுவிட்டார்.

“நான் அவனைக் கொன்னேனா டீச்சர், இல்ல அவங்கம்மாவைக் காப்பாத்துனேனா?”

டீச்சர் விடைத்தாள்களை அடுக்கி வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். “ரெண்டும் ஒரே பிடிதான சார்” என்றார்.

தீபாவளி முடிந்து சீசன் ஓய்ந்தபின் வள்ளித்தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். ஒரு கால் இழுத்து இழுத்து நடந்தாள். கழுத்தில் தோல் சுருங்கி முகம் ஒருபக்கமாகத் திரும்பியிருந்தது. இடது மணிக்கட்டைச் சுற்றி மட்டும் ஒரு பட்டை, சுடாத தோல். அங்கே மகனுடைய கைகள் இருந்திருக்கின்றன. கூடவே பொன்மணி நின்றாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று மொக்கைச்சாமி நினைத்தார். திட்டினால் நல்லது என்றும் நினைத்தார். எழுந்து நின்று தலையைக் குனிந்துகொண்டார். அவள் திட்டவில்லை.

“பெத்தவ நான் கத்துனேன் சார், விடுறா விடுறான்னு. எம் பேச்சு அவன் காதுல ஏறல. ஒங்க பேச்சுதான் கையில இருந்துச்சு” என்றாள்.

பிறகு பொன்மணியை முன்னால் தள்ளினாள்.

“நாளைக்கு இவளும் வண்டி ஏறத்தான் போறா, எங்களுக்கு வேற என்ன கெடக்கு? இவளுக்கு விடுறதுக்குச் சொல்லிக் குடுங்க சார். வகுப்புல வேணாம். அங்கன சொன்னா மறந்துருதுக. கிரவுண்டுல சொல்லிக் குடுங்க.”

மறுநாள் சாயங்காலம் மொக்கைச்சாமி சட்டையைக் கழற்றி மரத்தில் போட்டார். விளாறு ஒடிக்கவில்லை. பையன்களோடு பெண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார். புது விளையாட்டு ஒன்றைச் சொன்னார். பிடி உச்சத்தில் இருக்கும்போது விசில் அடிப்பேன், அடித்தால் யார் எதைப் பிடித்திருந்தாலும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடக் கேட்டுக்கு ஓட வேண்டும், திரும்பிப் பார்த்தவன் செத்தவன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடின. ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தன. நாள் போகப் போகச் சிரிப்பு குறைந்து ஓட்டம் கூடியது. பொன்மணி மட்டும் விடவில்லை.

விசில் அடிப்பார், மற்றவர்களெல்லாம் பறப்பார்கள். அவள் தன் வகுப்புத் தோழி வேல்விழியின் கரண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மண்ணில் குப்புறக் கிடப்பாள். சுவரில் உட்கார்ந்து இத்தனை வருஷம் பார்த்த வித்தை ஆயிற்றே. அவர் குனிந்து உட்கார்ந்து வகுப்புக் குரலில் சொல்லிப் பார்த்தார். தலையாட்டினாள். அடுத்த விசிலுக்கும் விடவில்லை. புரோட்டா வாங்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். பிறகு ஒரு நாள், இந்தப் பிள்ளையும் ஒரு கதவுப் பலகையில் வருவது கண்ணுக்கு முன்னால் ஓடிற்று. பயம் தலைக்கேறி அவர் கை மரத்துக்குப் போய்விட்டது. விளாறு ஒடிந்த சத்தம் கேட்டு, கேட்டில் நின்ற பிள்ளைகள் அத்தனையும் பின்னுக்கு நகர்ந்தன.

“விடுலே” என்று முதுகில் ஓங்கிப் போட்டார். பொன்மணியின் உடம்பு துள்ளிற்று. பிடி இறுகிற்று. “விடுன்னா விடணும்” என்று இன்னொன்று. நகம் பதிந்து வேல்விழி வலியில் அலறினாள். மூன்றாவது அடிக்குச் சட்டை கிழிந்தது, கைகள் இன்னும் இறுகின. பல்லைக் கடித்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய, அவள் அண்ணனைப்போலவே கிடந்தாள்.

நான்காவதுக்கு ஓங்கின கை அப்படியே நின்றது. தம் ஆயுசெல்லாம் பார்த்தும் புரியாத ஒன்று அப்போது அவருக்குப் புரிந்தது. அடிபடுகிற உடம்பு பிடிக்கத்தான் பிடிக்கும். அடித்து விடவைக்க முடியாது. அப்பன் அடித்த அடிக்கு அவர் அம்மாவின் முந்தானையை எப்படிப் பிடித்துக்கொண்டு கிடந்தார் என்பது நினைவுக்கு வந்தது. விளாறைத் தூர எறிந்தார்.

பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். திசை தெரியாத ஒரு புகையைப் பார்த்தவர்போலக் கண் அகல நின்றார். வகுப்புக் குரலும் இல்லாத, கிரவுண்டுக் குரலும் இல்லாத, கேவுகிற ஒரு குரலில், “ஓடிரு தாயி, விட்டுட்டு ஓடிரு” என்று கத்திக்கொண்டே அவரே கேட்டைப் பார்த்து ஓடினார். அந்தப் பள்ளிக்கூடத்தில் மொக்கைச்சாமி சார் பயந்து ஓடி யாரும் பார்த்ததில்லை. கால் கல்லில் இடறிற்று, விழப் பார்த்துச் சமாளித்துக்கொண்டு ஓடினார். அந்த மே மாதத்திலிருந்து உள்ளேயே கிடந்த பயம் அது.

பின்னால் காலடிச் சத்தம் இல்லை. அவள் விட்டாளா, அப்படியே கிடக்கிறாளா என்று தெரியவில்லை. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. திரும்பினால் பாடம் போயிற்று. இத்தனை காலம் கரும்பலகையில் எழுதிப் போட்டதைச் செய்வது இவ்வளவு கஷ்டம் என்று அவருக்கு அன்றுவரை தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் பார்த்தே ஓடினார். கண்ணீரில் கேட்டு இரண்டாகத் தெரிந்தது.

கேட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன உருவம் அவர் இடுப்பை உரசிக்கொண்டு முந்திப் போயிற்று. கிழிந்த சட்டை, முதுகில் மூன்று கோடு, இரண்டு கையும் வெறுங்கை. பொன்மணி கேட்டில் நிற்கவில்லை. கேட்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி ஓடிக்கொண்டே இருந்தாள். மொக்கைச்சாமி கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்று, அவள் திரும்பிப் பார்க்காமல் போவதைப் பார்த்தார்.